கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி அலுவிகாரைக்கு

கண்டிக்கு வரும் சுற்றுலா வேன்களுக்கென்று ஒரு நேரசூசி உண்டு. முதல் நாள் தலதா மாளிகை, ஏரிக்கரை, பேராதனைப் பூங்கா. மறுநாள் காலை சிகிரியா. கட்டுகஸ்தோட்டையில் மகாவலிப் பாலத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் சாரதி கண்ணாடி வழியே பின்னால் பார்த்துக் கேட்பார்: “பத்திக் செய்ற இடம் ஒன்னு இருக்கு, பாத்துட்டுப் போவமா?” இறங்கினால் பத்து நிமிடம் செயல்விளக்கம். ஒரு பெண் துணியில் மெழுகு பூசிக் காட்டுவார். இன்னொருவர் சாயத்தில் முக்கி எடுப்பார். அடுத்த அறை கடை. சாரம், சேலை, சுவரில் தொங்கவிடும் யானை, மயில், பெரஹெரா எல்லாம் விரியும். வேனுக்குத் திரும்பும்போது யாராவது ஒருவர் கையில் ஒரு பை இருக்கும். சாரதிக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்பதும் வேனில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

இதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த யானைக்கும் மயிலுக்கும் ஒரு பிறந்த வீடு இருக்கிறது என்பதும், அதே வீதியில் இன்னும் ஒரு மணி நேரம் போனால் அந்த வீட்டு ஊருக்கே போய்விடலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மாத்தளைக்கு அப்பால் இருக்கும் அலுவிகாரைதான் அந்த ஊர். அந்த வீட்டுக்காரி ஏனா டி சில்வா.

கட்டுகஸ்தோட்டை இன்று கண்டி நகரத்தோடு ஒட்டிப்போன, எந்நேரமும் வாகன நெரிசலில் திணறும் ஒரு சந்தி. கண்டியில் தொடங்கி 321 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ-9 வீதி இங்கேதான் மகாவலியைக் கடக்கிறது. குருநாகல் வழியாகப் புத்தளத்துக்குப் போகும் ஏ-10 இங்கிருந்து பிரிகிறது. ஆற்றங்கரையில் புனித அந்தோனியார் கல்லூரி. முத்தையா முரளிதரன் பந்து சுழற்றப் பழகிய மைதானம் அதனுடையது. ஒரு காலத்தில் கண்டிக்கு வரும் வெள்ளைக்காரப் பயணிகள், யானைகள் ஆற்றில் குளிப்பதைப் பார்க்கவென்றே இங்கே வந்தார்கள். பழைய தபால் அட்டைகளில் கட்டுகஸ்தோட்டை என்றால் யானைதான்.

தமிழ் வாசகருக்கு இந்த வீதி வேறொரு கணக்கிலும் முக்கியமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, மாத்தளை என்று தெற்கே வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பயணி இன்று ஏசி வேனில் வடக்கே போகும் அதே தடத்தில் அவர்கள் எதிர்த்திசையில் கால்நடையாக வந்தார்கள். மாத்தளை நகரில் வீதியோரமாகக் கோபுரம் உயர்ந்து நிற்கும் முத்துமாரியம்மன் கோயிலில் வேன்கள் நிற்பதுண்டு. படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், மலையகத்தின் வாசலில் மாரியம்மன் ஏன் இவ்வளவு பெரிதாக அமர்ந்திருக்கிறாள் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

அக்குறணை, அதன் கடைத்தெருக்கள், பிறகு ஏலக்காயும் கறுவாவும் காட்டி அழைக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள், மாத்தளை நகரம். அங்கிருந்து தம்புள்ளைப் பக்கமாக 3 கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. பெயரை எல்லோருக்கும் தெரியவைத்தது அங்குள்ள பாறைக் குகை விகாரை. வாய்மொழியாகவே வந்துகொண்டிருந்த பௌத்தத் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இங்கேதான் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படை விகாரையைச் சேதப்படுத்தியது. இன்று பார்ப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு திருத்திக் கட்டியது.

ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டவர் சேர் ரிச்சர்ட் அலுவிகாரை. சிவில் சேவை அதிகாரியாக இருந்து 1947இல் பொலிஸ் மா அதிபர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவர்தான். பின்னாளில் இந்தியாவில் இலங்கையின் உயர்ஸ்தானிகராகவும் இருந்தார். அவருடைய மகள் ஏனா, 1922இல் பிறந்தவர். மாணவப் பருவம் தாண்டுவதற்குள்ளேயே வீட்டார் விருப்பத்துக்கு மாறாக ஒரு பொலிஸ் அதிகாரியைக் காதலித்து மணந்தார். அந்த ஒஸ்மண்ட் டி சில்வாவே 1955இல் மாமனாரை அடுத்துப் பொலிஸ் மா அதிபரானார் என்பது இலங்கை நிர்வாக வரலாற்றின் சுவையான திருப்பங்களில் ஒன்று. பிரதமர் பண்டாரநாயக்க அரசோடு முரண்பட்டு, 1959இல் அவர் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார்.

அடுத்த ஆண்டு கொழும்பு அல்பிரட் பிளேஸில் இந்தத் தம்பதிக்கு ஒரு வீடு எழும்பத் தொடங்கியது. வரைந்தவர் ஜெஃப்ரி பாவா. அன்று அவர் தொழிலுக்குப் புதியவர். உலகம் அவரைத் தேடி வருவதற்கு இன்னும் காலம் இருந்தது. ஏனாவுக்குத் தேவைப்பட்டது கண்டியப் பழைய வலவ்வ வீடு போல நடுவில் முற்றம் வைத்த வீடு. கூடவே கணவருக்கு ஒரு அலுவலக அறை, மகன் ஓவியம் வரைய ஒரு இடம், சாமி அறை, விருந்தினர் அறை. கையில் இருந்ததோ நகரத்தின் ஒரு மூலைக்காணி.

பாவா வீதிப் பக்கத்தை மூடிவிட்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுவரும் ஓட்டுக்கூரையும்தான். உள்ளே நுழைந்தால் வானம் திறந்துகொள்ளும். நடு முற்றத்தில் மாமரம், சுற்றிலும் திண்ணைகள், மரத்தூண்கள், கருங்கல், பழைய அம்மிகளும் ஆட்டுக்கல்லும். கண்ணாடி சன்னலை நம்பி நின்ற அன்றைய கொழும்பு ‘மொடேர்ன்’ வீடுகளுக்கு நடுவே இது பழையதா புதியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1962இல் முடிந்த அந்த வீட்டைத் தெற்காசிய முற்றவீடுகளைப் பற்றிப் பேசும் கட்டடக்கலைப் புத்தகங்கள் இன்றும் விடுவதில்லை.

துணிக்கதை தொடங்குவது அந்த வீட்டுக்குள்ளேதான். ஏனா, மகன் அனில் ஜயசூரிய, பாவாவின் அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்த இளைஞர் லக்கி சேனாநாயக்க ஆகியோர் சேர்ந்து அங்கே மெழுகும் சாயமுமாகப் பத்திக் செய்யத் தொடங்கினார்கள். பத்திக் என்றால் அடிப்படையில் இவ்வளவுதான்: துணியில் எங்கெல்லாம் சாயம் ஏறக் கூடாதோ அங்கெல்லாம் உருகிய மெழுகை வைத்து மறைப்பது, துணியைச் சாயத்தில் முக்குவது, அடுத்த நிறத்துக்கு மறுபடி மறைப்பது, கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பது. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடிக்க வேண்டும். ஐந்து நிறம் வேண்டுமானால் ஐந்து தடவை அந்தச் சுற்று. தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். பரஃபின் மெழுகு வெடிக்கும். வெடிப்பில் சாயம் இறங்கி, முடி போன்ற கோடுகள் விழும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது.

இந்த நுட்பத்துக்குப் பெயர் பெற்ற இடம் ஜாவா. ஒல்லாந்தர் காலத் தொடர்பில் இலங்கைக்கு வந்ததாகச் சொல்வார்கள். மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் வேலை தமிழ் மண்ணுக்கும் அந்நியமில்லை. தஞ்சை மராத்திய அரசவைக்காகக் கும்பகோணம் வட்டாரத்தில் செய்யப்பட்ட கோடாலிக் கருப்பூர்ச் சேலையில் தறியில் இழைத்த சரிகையும் மெழுகு மறைப்புச் சாயமும் ஒன்றாக வந்தன. அரசவை போனதும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்த வேலையும் போய்விட்டது. இப்போது அருங்காட்சியகங்களில்தான் பார்க்கலாம்.

ஏனா குழுவின் பத்திக் ஜாவாவைப் பார்த்து எழுதியதல்ல. ஜாவாவில் நுண்ணிய கோடுகள், மணிக்கணக்கில் நிரப்பப்படும் சின்னஞ்சிறு உருக்கள். இவர்கள் பெரிதாகப் போட்டார்கள். சிங்கம், சூரிய சந்திரர், அரசிலை, கண்டிய மாகாணக் கொடிகளில் வரும் உருக்கள் எல்லாம் பத்தடி துணியில் தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்கும் நிறத்தில் விரிந்தன. உடுப்பாகவும் செய்தார்கள்; ஆனால் அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கட்டடங்களில் தொங்கிய துணிதான். 1969இல் திறந்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்தில் பாவா கூரையின் அடிப்பக்கத்தையே ஏனாவின் பத்திக்கால் மூடினார். பயணப்பையைக் கீழே வைத்த விருந்தினர் முதலில் செய்தது அண்ணாந்து பார்த்ததுதான். கோட்டேயில் 1982இல் பாவா கட்டிய நாடாளுமன்றத்தின் சபா மண்டபத்துக் கொடிகளும் ஏனாவின் பட்டறையில் பிறந்தவை.

அதே பாவா வட்டத்தில் இன்னொரு பெண்ணும் இதே காலத்தில் துணியைக் கையில் எடுத்தார். கண்டியில் பிறந்த பார்பரா சன்சோனி, நல்லாயன் கன்னியர் நடத்திய நெசவு நிலையங்களுக்கு நிறமும் வடிவமும் கொடுக்கப்போய், 1964இல் ‘பெயர்ஃபூட்’ நிறுவனத்தைத் தொடங்கினார். கொழும்பு காலி வீதியில் பழைய வீடொன்றுக்குள் இயங்கும் அதன் கடையும் முற்றமும் இன்று வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தவறாத நிறுத்தம். ஏனா மெழுகும் சாயமும். பார்பரா தறியும் நூலும். இருவருக்கும் ஒரே ஒற்றுமை: விற்கும் இடத்தைக் கடை போல வைத்திருக்கவில்லை.

வீடும் துணிக்கடையும் ஒன்றாகிப்போன கதை என்றால் உலகப் பயணிகளுக்கு உடனே நினைவு வருவது பாங்கொக்கின் ஜிம் தொம்ப்சன் வீடு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர், போர்க்கால உளவுப் பணிக்காரர், பிறகு தாய்ப் பட்டு வியாபாரி. அவருடைய பட்டு 1951இல் நியூயோர்க்கில் மேடையேறிய ‘த கிங் அண்ட் ஐ’ இசைநாடகத்தின் உடைகளில் மின்னியது. ஆறு பழைய தேக்கு வீடுகளை வெவ்வேறு இடங்களிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து, ஸேன் ஸேப் கால்வாய்க் கரையில் 1959இல் ஒரே வீடாகப் பொருத்தினார். கால்வாயின் எதிர்க்கரை பான் குருவாவில் இருந்த சாம் முஸ்லிம் நெசவாளர்களே அவருக்குப் பட்டு நெய்தவர்கள். 1967 மார்ச் 26ஆம் தேதி மலேசியாவின் கமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவில்லை. இன்றுவரை துப்பும் இல்லை. வீடு அருங்காட்சியகமாகிவிட்டது, வாசலில் அவர் பெயரில் பட்டுக்கடை அமோகமாக நடக்கிறது.

ஏனாவின் வீட்டுக்கும் கழற்றிப் பொருத்தும் விதி வந்தது. 2009இல் அந்தக் கொழும்புக் காணி கைமாறியது. வீடு இடிபட வேண்டியதுதான் என்ற நிலை. பாவாவின் அறக்கட்டளை முன்வந்து கல், மரம், ஓடு என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கழற்றியது. பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் சொந்தத் தோட்டமான லுனுகங்கவில் பல ஆண்டு வேலைக்குப் பின் அது மறுபடி எழுந்தது. பழைய கதவிலக்கத்தையே பெயராக வைத்து ‘இலக்கம் 5’ என்கிறார்கள். காசு கொடுத்தால் அங்கே இரவு தங்கலாம். அழகான வீடு, பழுதில்லாமல் இருக்கிறது. ஆனால் மெழுகுச் சட்டியின் வாசனை அங்கே வராது.

அந்த வாசனை அலுவிகாரைக்குப் போய்விட்டது. 1980களின் தொடக்கத்தில் கரிபியன் கடலின் பிரித்தானிய வேர்ஜின் தீவுகளில் கைப்பணி ஆலோசகராகச் சில காலம் இருந்துவிட்டு, ஏனா தந்தையின் மேட்டு வீட்டுக்கே திரும்பினார். அறுபது வயதுக்காரர் ஓய்வெடுக்க வந்தார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அவர் அந்த வீட்டைச் சுற்றி வேலைத்தளங்களை வளர்த்தார். ஊர்ப் பெண்கள் பத்திக்கும் ஊசிவேலையும் செய்தார்கள். ஆண்களுக்கு மரவேலை, பித்தளை வார்ப்பு. மாத்தளை மரபுரிமை நிலையம் என்ற பெயர் அப்படி வந்தது. வயலும் வீடும் பார்த்த நேரம் போக மீதியில் செய்யும் வேலை. வீட்டுப் பெண்கள் கையில் மாதாமாதம் சொந்தக் காசு. பின்னால் சமையலும் சேர்ந்தது. முன்கூட்டிச் சொன்னால் ஊர்ப் பெண்கள் பல கறிகளோடு மதியச் சோறு சமைத்துப் போடும் ‘அலுவிகாரைக் குசினிகள்’ கொழும்புக்காரர்களிடையே பிரபலம்.

அங்கே போகிற பயணிக்குச் செயல்விளக்கம் என்று தனியாக எதுவும் தேவைப்படாது. வேலை நடக்கும் நாளாக இருந்தால் வேலையே நடந்துகொண்டிருக்கும். சட்டகத்தில் இழுத்துக் கட்டிய துணி, பக்கத்தில் உருகிக்கொண்டிருக்கும் மெழுகு, காயப்போட்ட கொடித் துணிகள். விற்பனைக்கு இருப்பவையும் அந்த வளவுக்குள்தான். சுவர்த்துணிகள், கொடிகள், துணி ஒட்டித் தைத்த விலங்குகள், மேசை விரிப்புகள். மேட்டிலிருந்து பார்த்தால் மாத்தளைப் பள்ளத்தாக்கு. வீதிக்கே சேர் ரிச்சர்ட் அலுவிகாரை மாவத்தை என்றுதான் பெயர். வழி கேட்டால் ஊரில் யாரும் காட்டுவார்கள். ஏனா 2015இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில் காலமானார். கடைசி ஆண்டுகள்வரை துணிகளை முன்னால் விரித்துப் போடச் சொல்லி, நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த ஆள்.

இந்த வட்டாரத்துத் துணிமணிக் கைவேலையை முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர் ஒரு தமிழர் மகன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, கனிமவியல் ஆய்வு அதிகாரியாக மலைநாட்டுக் கிராமங்களைச் சுற்றியவர். பாறை தேடிப் போன இடத்திலெல்லாம் தச்சர், கொல்லர், சாயக்காரர், பாய் நெய்வோர் வாசலில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். 1908இல் வெளிவந்த அவருடைய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற ஆங்கில நூலில் கண்டிய ஊசிவேலையும் நெசவும் பாயும் படத்தோடு இருக்கின்றன. அரை நூற்றாண்டு கழித்துக் கண்டிய உருக்களைத் துணியில் மறுபடி தேடியவர்களுக்கு அது கையில் கிடைத்த பெட்டகம்.

அந்தப் பாய்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் கண்டிக்குக் கிழக்கே, தும்பறைப் பக்கம் போக வேண்டும். ‘தும்பற ரட்டா கலால’ என்று அங்கே சொல்வது வெறும் பாய் அல்ல; சணல் போன்ற இலைநாரைப் பிரித்து, சாயமேற்றி, தரைத் தறியில் நெய்வது. கின்னர சமூகத்தார் அரண்மனைக் களஞ்சியத்துக்குப் பாய் கொடுத்து, அதற்கு ஈடாகக் கிராமத்தில் நிலம் பெற்றிருந்த காலத்து வேலை. 2021இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அருவமான பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நெய்கிறவர்களோ சில குடும்பங்கள்தான்.

அந்த நெசவை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா. 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1951இல் கண்டி மலைச்சரிவில் அவர் கட்டி முடித்த கருணாரத்ன வீட்டில், கதவுகளுக்குள்ளேயே தும்பறை நெசவைப் பலகை போலப் பொருத்தியிருந்தார். பாவா பெயர் வெளியே வருவதற்குப் பல ஆண்டு முன்பே உள்ளூர்க் கைவேலையும் நவீனக் கட்டடமும் இங்கே கைகோத்துவிட்டன. ஆனால் 1998இல் மினெட் ஆதரவில்லாமல் இறந்தார். அவர் வாழ்ந்த ‘சென் ஜோர்ஜ்’ வீடு பாழடைந்து காடேறிப் போனது. கழற்றிப் பொருத்த ஒரு அறக்கட்டளையும் வரவில்லை. வீட்டைச் சுற்றிச் சம்பாதிக்கும் பட்டறையும் இருக்கவில்லை. அலுவிகாரை வீடு தப்பியதற்கு, அங்கே திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வர ஆட்கள் இருந்ததுதான் பெரிய காரணம்.

சரி, துணி வாங்குவது எப்படி? கட்டுகஸ்தோட்டையானாலும் அலுவிகாரையானாலும் முதலில் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உண்மையான பத்திக்கில் சாயம் துணிக்குள் ஊறியிருப்பதால் பின்பக்கமும் ஏறக்குறைய அதே நிறத்தில் இருக்கும். அச்சடித்ததில் பின்பக்கம் வெளுத்திருக்கும். வெடிப்புக் கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. எத்தனை நிறம் என்று எண்ணிப் பார்த்தால் எத்தனை தடவை மெழுகு வைத்தார்கள் என்பது விளங்கும். விலையும் அப்போதுதான் விளங்கும். பேரம் பேசுவதற்கு முன் அந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. முதல் சலவையைத் தனியாக, குளிர்ந்த நீரில் செய்து, வெயிலில்லாத இடத்தில் காயவைக்க வேண்டும்.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் சுமார் 26 கிலோமீற்றர். பஸ்கள் கட்டுகஸ்தோட்டை வழியாக அடிக்கடி போகின்றன. அவசரமில்லாதவர்களுக்கு ரயிலும் இருக்கிறது. 1880இல் போட்ட மாத்தளைக் கிளைப்பாதை கட்டுகஸ்தோட்டை வழியாகவே போகிறது. மாத்தளையில் இறங்கி, தம்புள்ளைப் பக்கம் போகும் பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ அலுவிகாரைக்குப் போகலாம். காலையில் விகாரையைப் பார்த்துவிட்டு மேட்டு வீட்டுக்கு ஏறுவது வசதி. நிலையம் திறந்திருக்கிறதா என்று முதலிலேயே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். போயா நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பட்டறை ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சாப்பாடு வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போகிறவர்கள் மெழுகையும் சாயத்தையும் வயிறாரப் பார்த்துவிட்டு, மாத்தளை டவுனுக்குத் திரும்பி வந்துதான் சோறு தேட வேண்டியிருக்கும்.